கழுவாமல் விட்ட உப்பு

1

லண்டனுக்கு வந்து இருபத்துமூன்று வருடம் நிறைந்த அன்று, ஹரோவில் எங்கள் வீட்டுக் குசினியில் கேத்திலுக்குள் வினாகிரி ஊற்றிக்கொண்டு நின்றேன். மாதத்துக்கு ஒருக்கால் செய்கிற வேலை. இந்த ஊர்த் தண்ணீரில் சுண்ணாம்பு அப்படி. கேத்திலின் அடியில் வெள்ளையாகச் செதில் பிடிக்கும். கவனிக்காமல் விட்டால் தேநீருக்கு மேலே ஆடை போல மிதக்கும். பைப், ஹீட்டிங் வேலை செய்து சீவிக்கிற என் வீட்டிலேயே இந்தக் கதி என்றால் பாருங்கள்.

மேல்மாடியில் போன் அடித்தது. என் மனைவி சாந்தி எடுத்துப் பெயரைப் பார்த்துவிட்டு, விழுந்தெழும்பிப் படியால் ஓடி வந்தாள்.

"இஞ்சருங்கோ, ஆரணி! உங்கட போனுக்குத்தான் எடுக்கிறாள்!"

ஆரணி எங்கள் ஒரே பிள்ளை. இருபத்தொன்பது வயது. ஐந்து மாதமாக என்னோடு ஒரு சொல் பேசாதவள். ஞாயிற்றுக்கிழமைகளில் தாயோடு மட்டும் கதைப்பாள். நான் அறைக்குள் வருகிற சத்தம் கேட்டால், "சரி அம்மா, பிறகு எடுக்கிறன்" என்று வைத்துவிடுவாள். நான் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு போனை வாங்கினேன்.

"அப்பா, பிஸியோ?"

"இல்லை, இல்லை. சொல்லு பிள்ளை."

"வான்ல இருக்கிற சுடுதண்ணி ஹீட்டர் திரும்பவும் பழுதாப் போச்சு. உள்ளுக்கு முழுக்கக் கல்லுப் பிடிச்சிருக்காம். தண்ணியில இருக்கிற சுண்ணாம்பை எடுக்க ஒரு போர்ட்டபிள் வோட்டர் சொஃப்ரனர் வாங்கச் சொல்லினம். நெட்ல பாத்தால் கனக்க வகை கிடக்கு. எது நல்லது?"

அவ்வளவுதான். சுகமா என்று அவள் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. "பாத்துச் சொல்லுறன்" என்றேன். "தாங்ஸ்" என்று வைத்துவிட்டாள்.

"என்னவாம்?"

"தண்ணி சொஃப்ரனர் வேணுமாம்."

"அதுக்கேன் அழுறியள்?"

"ஆர் அழுறது? வினாகிரி."

2

ஊரில் இருந்து இதை வாசிக்கிற உங்களுக்கு ஒரு விளக்கம் சொல்ல வேண்டும். என் மகள் ஒரு வான் வண்டிக்குள் வசிக்கிறாள். வாடகை அறையை விட்டுவிட்டு, பழைய டெலிவரி வான் ஒன்றை வாங்கி, அதற்குள் கட்டில், அடுப்பு, சிங்க், ஒரு ஆள் நின்று குளிக்கக்கூடிய மூலை எல்லாம் பூட்டியிருக்கிறாள். மடிக்கணினியில் செய்கிற வேலை அவளுக்கு. எங்கே நின்றாலும் செய்யலாம். ஸ்கொட்லாந்தில் ஒரு மாதம், வேல்ஸில் ஒரு மாதம் என்று திரிகிறாள். இந்த நாட்டில் இப்படி வாழ்கிறவர்கள் நிறையப் பேர். ஆனால் எங்கள் சொந்தத்தில் யாராவது கேட்டால் சாந்தி, "பிள்ளை வேலை அலுவலாப் பயணம் போட்டாள்" என்று சொல்லிச் சமாளிப்பாள்.

ஜனவரியில் அந்த வானை எங்களுக்குக் காட்டவென்று கொண்டுவந்து வாசலில் விட்டாள். முகமெல்லாம் சிரிப்பு. கதவைத் திறந்து, "அப்பா, பைப் வேலை எல்லாம் நானே செய்தனான், பாருங்கோ" என்றாள். நான் எட்டிப் பார்த்தேன். உண்மையைச் சொன்னால் இணைப்புகள் எல்லாம் சுத்தமாக இருந்தன. அதைச் சொல்லியிருக்கலாம். என் வாயில் வந்தது வேறு.

"ஜெர்மனியில அகதிகள் விடுதியில ஒரு அறைக்குள்ளை நாலு பேர் கிடந்து, பேந்து ஓடியாடி உழைச்சு உனக்கொரு கூரை போட்டுத் தந்தது, நீ நாலு சில்லுக்கு மேலை படுக்கிறதுக்கோ?"

அவள் கோபப்படவில்லை. அதுதான் எனக்குச் சுட்டது.

"அப்பா, வான்ல இருந்தது நீங்கள்தான். இந்த வீட்டில எல்லாமே 'இப்போதைக்கு' தானே? எனக்கு எது என்ர இடம் எண்டே தெரியாமல் வளந்தனான். இது என்ர."

"அப்ப அந்த வண்டியோடை இனி இந்த வாசலுக்கு வராதை!"

பக்கத்து வீட்டு ஆள் குப்பைத் தொட்டியை இழுத்துக்கொண்டு நின்றவர் திரும்பிப் பார்த்தார். ஆரணி கதவைச் சாத்தி, வானை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அன்றிலிருந்து தாயோடு பேசும்போது ஒரு மாற்றம். முந்தி "வீட்டை கடிதம் ஏதும் வந்ததோ?" என்று கேட்கிறவள், இப்போது "உங்கட வீட்டுக்கு என்ர கடிதம் ஏதும் வந்ததோ?" என்று கேட்கிறாள். சாந்தி கவனித்தாளோ தெரியாது. எனக்கு ஒவ்வொரு முறையும் கேட்டது.

3

சரி, சொஃப்ரனர். இதைப் பற்றி எனக்கு ஒரு மணித்தியாலத்தில் பதில் சொல்லியிருக்க முடியும். நான் மூன்று கிழமை எடுத்தேன். ஏன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. நாளுக்கு ஒரு கேள்வி வீதம் அனுப்பினேன். எல்லாவற்றையும் ஒரேயடியாகக் கேட்டால் ஒரே பதிலோடு முடிந்துவிடும் அல்லவா?

"உன்ர தண்ணித் தாங்கி எத்தனை லீற்றர்?" அறுபது என்று பதில் வந்தது. அடுத்த நாள், "கிழமைக்கு எத்தனை தரம் நிரப்புறனி?" மூன்று. அதற்கடுத்த நாள், "எந்த இடத்தில வைக்கப் போறாய்? உயரம் அளந்து சொல்லு." அவள் அளவு நாடாவைப் பிடித்துப் படம் எடுத்து அனுப்பினாள். படத்தின் ஓரத்தில் அவளுடைய கை தெரிந்தது. முழங்கைக்கு உள்ளே, சின்ன வயதில் வந்த சிவப்புத் தடிப்பு இன்னும் இருந்தது.

கடைகளில் விற்பதில் பாதி ஏமாற்று. பைப்பில் காந்தம் பூட்டினால் போதும் என்கிறான் ஒருவன். உப்பே வேண்டாம் என்கிறான் இன்னொருவன். அவனுடைய சாமான் சுண்ணாம்பை எடுக்காது. உண்மையான சொஃப்ரனர் ஒரு உருளை. அதற்குள் கடுகு போலச் சின்ன மணிகள் இருக்கும். அவை தண்ணீரில் உள்ள சுண்ணாம்பைப் பிடித்துக்கொள்ளும். மணிகள் நிரம்பிப் பிடிக்க ஏலாமல் போனதும், மேலே திறந்து சாதாரண உப்பைக் கொட்டி மெல்லத் தண்ணீர் விட வேண்டும். பிடித்த சுண்ணாம்பெல்லாம் கழன்று போய்விடும். அதற்குப் பிறகு உப்புச் சுவை அறவே போகுமட்டும் கழுவ வேண்டும். இந்தக் கடைசி வசனத்தை ஞாபகம் வைத்திருங்கள்.

அமெரிக்காவில் பெரிய கம்பிங் வண்டிகளுக்கு என்று செய்கிறவை நல்லவைதான். ஆனால் தண்ணீர் நிறைந்தால் தூக்க இரண்டு ஆள் வேண்டும், திருகு எங்கள் ரப்பர் ஹோஸுக்குப் பொருந்தாது. மிகச் சின்னவை இரண்டு தாங்கி நிரப்புவதற்குள் களைத்துவிடும். தனியாக இருக்கிற ஒரு பிள்ளை ஒரு கையால் தூக்கக்கூடியதாக, உப்புச் சிந்தாமல் கொட்ட வாய் அகன்றதாக, குளிருக்கு உறையாமல் அடியால் தண்ணீரை வடிக்கக்கூடியதாக ஒன்று வேண்டும். கடைசியில் அப்படி ஒன்றைக் கண்டுபிடித்தேன். கூடவே தண்ணீரைச் சோதிக்கிற தாள் கீற்றுகள் இருபத்தைந்து. தண்ணீரில் தோய்த்தால் நிறம் மாறும். பச்சை என்றால் மென்மை, சிவக்கச் சிவக்கக் கல்.

வந்ததும் நான் சும்மா இருந்தேனா? பின்வளவுக் குழாயில் பூட்டி ஒரு கிழமை ஓடவிட்டேன். காலையும் மாலையும் தாளைத் தோய்த்துப் பார்த்தேன். ரோசாச் செடிகளுக்கெல்லாம் மென்தண்ணீர்.

"மீற்றர் ஓடுதப்பா! உது என்ன விசர் வேலை?" என்று சாந்தி யன்னலால் கத்தினாள்.

"சாமான் சரியோ எண்டு பாக்க வேண்டாமோ? பேசாமல் இரும்."

அந்தக் கிழமைதான் கவுன்சிலில் இருந்து வாக்காளர் பதிவுக் கடிதமும் வந்தது. இந்த விலாசத்தில் வசிப்பவர்கள் என்று மூன்று பெயர். யாராவது இப்போது இல்லை என்றால் வெட்டிவிடுங்கள் என்று போட்டிருந்தது. பேனையைத் திறந்தேன், மூடினேன். சாந்தி கடிதத்தை என் கையில் இருந்து பறித்து மேசை லாச்சிக்குள் வைத்தாள்.

4

எங்கள் வீட்டுத் தண்ணீரிலும் ஒரு தாளைத் தோய்த்துப் பார்த்தேன். போத்தலில் போட்டிருக்கிற நிறங்களில் கடைசி நிறம், செங்கல் சிவப்பு. எனக்குத் தெரியாததில்லை. ஆனால் அன்று அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு குசினியில் நெடுநேரம் நின்றேன்.

ஆரணிக்குப் பன்னிரண்டு வயதில் தோல் அரிப்பு மோசமாக இருந்தது. முழங்கை, முழங்கால் மடிப்பெல்லாம் சொறிந்து புண். வகுப்பில் யாரோ சொல்லிக் கேட்டுவந்து, "அப்பா, எங்கட வீட்டுக்கும் ஒரு சொஃப்ரனர் பூட்டுவமோ? உங்களுக்குப் பூட்டத் தெரியும்தானே" என்று கேட்டாள். கிழமைக்கு நாலு வீட்டுக்கு நான் பூட்டிக்கொண்டிருந்த காலம். "இப்போதைக்கு இருக்கட்டும். ஊருக்குப் போறவைக்கு எதுக்கு?" என்றேன். எந்த ஊருக்கு, எப்போது என்று எனக்கே தெரியாது. தாய் தேங்காய் எண்ணெய் பூசிவிட்டாள்.

அவள் சொன்னது சரிதான். எங்கள் வீட்டில் எல்லாம் இப்போதைக்குத்தான். முன்னறைத் திரைச்சீலை முந்தி இருந்தவர்கள் விட்டுப்போனது. விருந்தினர் அறையில் கட்டில் இல்லை, மெத்தை மட்டும். அலுமாரிக்கு மேலே இரண்டு பெரிய சூட்கேஸ்கள் இருபத்துமூன்று வருடமாகத் தூசி பிடித்துக்கொண்டு தயாராக நிற்கின்றன. முதலில் வாடகைக்கு இருந்தோம். நாலு வருடம் கழித்து அதே வீட்டை வாங்கினோம். வாங்கியபோது பால் காய்ச்சவும் இல்லை. "இருக்கிற வீட்டுக்கு என்ன குடிபுகுதல்?" என்று நான்தான் சொன்னேன். சாந்தி அப்போது ஒன்றும் பேசவில்லை.

ஆரணி ஜெர்மனியில் பிறந்தவள். ஆறு வயதில், ஆங்கிலத்தில் படிக்கட்டும் என்று பிடுங்கிக்கொண்டு வந்தோம். சிநேகிதிக்கு ஒரு சொல் சொல்ல விடவில்லை. போகிறோம் என்பதையே விடிந்த பிறகுதான் அவளுக்குச் சொன்னோம். இதையெல்லாம் யோசித்தால் எனக்கு இருக்கவும் முடிவதில்லை, நிற்கவும் முடிவதில்லை. வேலைக்குப் போகிற வீடுகளில் பைப்பைத் திருகிக்கொண்டே, அவள் திரும்ப இந்தப் படியில் ஏறுவாளா என்று யோசித்துக்கொண்டிருப்பேன்.

5

பொருளை எங்கே வந்து தருவது என்று கேட்டேன். வீட்டுக்கு வந்து எடுக்கிறேன் என்பாள் என்று ஒரு நப்பாசை. அவள் எசெக்ஸ் பக்கம், கூடாரம், வான் எல்லாம் போட்டுத் தங்குகிற ஒரு கம்பிங் இடத்தின் பெயரை அனுப்பினாள். வெள்ளிக்கிழமை அங்கே நிற்பாளாம். ஞாயிறு கப்பலேறி பிரான்ஸ் போய், அங்கிருந்து மேலே போகிறாளாம். திரும்ப எப்போது என்று இல்லை.

வெள்ளி காலை என் வேலை வானில் ஏறப் போனால், சாந்தி ஒரு பெரிய பையோடு வந்தாள். புதுப் பானை, பால், நிறைகுடத்துக்குச் செம்பு, தேங்காய், மாவிலை, மஞ்சள், உப்பு.

"இதென்ன?"

"பால் காய்ச்சப் போறன். பத்தரைக்கு ராகுகாலம். அதுக்கு முதல் காய்ச்ச வேணும். கெதியா எடுங்கோ."

"இஞ்சரும், அது வான்!"

"பிள்ளை அதுக்குள்ளை இருக்கிறாள் தானே? அப்ப வீடுதான்" என்று சொல்லிவிட்டு இருக்கைப் பட்டியைப் போட்டாள். இத்தனை வருடமாகப் பேசாமல் வைத்திருந்ததை அந்த ஒரு வசனத்தில் பேசிவிட்டாள் என்று எனக்குப் பட்டது.

வழியில் வாகன நெரிசல். போய்ச் சேரப் பத்து மணியாகிவிட்டது. ஆரணி இறங்கி வந்தாள். தாயைக் கட்டிப்பிடித்தாள். எனக்கு, "ஹாய் அப்பா." கொஞ்சம் மெலிந்திருந்தாள். பையைப் பார்த்துவிட்டுச் சிரிப்பதா என்று தெரியாமல் நின்றாள்.

பின்வளவில் ஒரு கிழமை ஓடவிட்டதில் சொஃப்ரனரின் மணிகள் நிரம்பிவிட்டன. பிள்ளைக்குப் புதிதாகவே கொடுக்க வேண்டும் என்று அங்கேயே உப்புப் போட்டேன். மெல்லத் தண்ணீர் விட்டேன். கடிகாரம் பத்தே கால். இனித்தான் கழுவ வேண்டும்.

"நிறைகுடத்துக்கு இந்தத் தண்ணிதான் வேணும், வான் தாங்கியில இருந்துதான் பிடிக்க வேணும். நேரம் போகுதப்பா! ராகுகாலத்துக்குள்ளை என்ர பிள்ளை குடிபுகுறதோ?" என்று சாந்தி அவசரப்படுத்தினாள்.

முப்பது வருடத்துக்கு மேல் பைப் வேலை செய்கிறவன் நான். வாடிக்கையாளர் கத்தினால்கூட அசையாதவன். அன்று மனிசியின் கலண்டருக்குப் பயந்து, இரண்டு நிமிடம் தண்ணீரை வேகமாக விட்டுவிட்டு, ஹோஸைத் தாங்கிக்குள் திருப்பிவிட்டேன்.

சாந்தி செம்பை நிறைத்தாள், மாவிலை வைத்தாள், தேங்காயை வைத்தாள். அந்தச் சின்ன அடுப்பில் பால் பொங்கிக் கிழக்குப் பக்கமாக வழிந்தது. வழிந்து அடுப்பு அணைந்தும் போனது. "நல்லது, நல்லது" என்றாள். ஆரணி ஒரு கையால் துணி எடுத்துத் துடைத்துக்கொண்டு, மறு கையால் போனில் படம் பிடித்தாள். பத்து இருபத்தெட்டு.

பிறகு தேத்தண்ணி. சாந்திதான் முதலில் குடித்தாள். குடித்த வேகத்தில் கதவால் புல்லுக்குத் துப்பினாள்.

"ஐயோ! கடல் தண்ணி!"

ஆரணி ஒரு முடறு குடித்தாள். என்னைப் பார்த்தாள். என் முகம் எப்படி இருந்ததோ தெரியாது, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கத் தொடங்கினாள். "அப்பா, கழுவேல்லையோ? நீங்களோ? நீங்கள் கழுவேல்லையோ?" என்று திரும்பத் திரும்பக் கேட்டுச் சிரித்தாள். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனால் அந்தச் சிரிப்பை ஆறு மாதத்துக்குப் பிறகு கேட்கிறேன், சந்தோசமாகவும் இருந்தது.

அறுபது லீற்றரையும் வடித்துவிட்டு, திரும்ப முதலில் இருந்து. மூன்று பேரும் புல்லில் மடிக்கதிரை போட்டு இருந்தோம். ஹோஸில் இருந்து வருகிற தண்ணீரைப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை உள்ளங்கையில் ஏந்தி, முறை வைத்து நாக்கில் பார்த்தோம். "இன்னும் கிடக்கு" என்றாள் சாந்தி. "கொஞ்சம் கிடக்கு" என்றாள் ஆரணி. ராகுகாலம் வந்து போனது. சாந்தி சட்டிபானை கழுவ எழும்பிப் போன நேரம் நான் சொன்னேன்.

"ஆரணி, அண்டைக்கு நான் வாசலில வைச்சுச் சொன்னது."

"எது?"

அவளுக்குத் தெரியும். என் வாயால் வர வேண்டும் என்று கேட்கிறாள்.

"வராதை எண்டு சொன்னது. அப்பிடிச் சொல்லியிருக்கக் கூடாது. சரியான பிழை. உன்ர பைப் வேலையும் திறம். அதையும் சொல்லேல்லை."

அவள் ஹோஸின் கீழே கையை நீட்டினாள். தண்ணீரை வாயில் வைத்துப் பார்த்தாள். "இப்ப உப்பில்லை" என்று சொல்லிவிட்டு, எழும்பிப் போய்க் குழாயைப் பூட்டினாள். அவ்வளவுதான். புறப்படும்போது சோதனைத் தாள் போத்தலைக் கொடுத்து, "போற இடமெல்லாம் தோய்ச்சுப் பார். படம் அனுப்பு. எத்தனை தாங்கிக்கு ஒருக்கால் உப்புப் போட வேணும் எண்டு நான் கணக்குச் சொல்லுறன்" என்றேன். "ஓகே அப்பா" என்றாள். வானின் பின்விளக்கு மறையுமட்டும் சாந்தி கை காட்டிக்கொண்டு நின்றாள்.

6

படங்கள் வந்தன. வார்த்தை ஒன்றும் இருக்காது, ஒரு தாள் கீற்று மட்டும். பிரான்ஸில் செம்மஞ்சள். மலைப்பக்கம் ஒரு இடத்தில் நல்ல பச்சை. நான் உடனே கணக்குப் போட்டுப் பதில் அனுப்புவேன். அவள் ஒரு பெருவிரலைப் போட்டுவிடுவாள். ஒருநாள் மட்டும் இரண்டு வரி வந்தது: "நான் பிறந்த ஊர். லண்டனை விட மோசமான தண்ணி." அந்த ஊரில் பதினொரு வருடம் இருந்தேன், பைப் வேலையும் அங்கேதான் பழகினேன், இது தெரியாதா எனக்கு? ஆனாலும் அந்தப் படத்தை இரண்டு விரலால் பெரிதாக்கி, பின்னால் ஏதாவது தெரு தெரிகிறதா என்று தேடினேன்.

செப்டெம்பரில் ஒரு சனிக்கிழமை, எங்கள் வீட்டுப் பிரதான குழாயை வெட்டினேன். படிக்குக் கீழே நிரந்தரமாகப் பூட்டுகிற பெரிய சொஃப்ரனர். குடிக்கிற குழாய் ஒன்றைத் தவிர, வீடு முழுக்க மென்தண்ணீர். சாந்தி தேத்தண்ணியோடு வந்து நின்று பார்த்தாள்.

"ஊருக்குப் போறதெண்டால் இதைக் கழட்டிக்கொண்டு போகேலுமோ?"

"ஏலாது."

உள்ளே போய்ப் பானையை எடுத்துக் கழுவினாள். புதுச் சாமான், ஓடவிட்டுக் கழுவ வேண்டும். "நல்ல நேரம் முடியப்போகுது" என்றாள் ஒருமுறை. "முடியட்டும்" என்றேன். முழு நேரமும் கழுவினேன். நாக்கில் வைத்துப் பார்த்து, அவளுக்கும் கொடுத்துப் பார்க்கச் சொன்னேன். பிறகுதான் பால் காய்ச்சினோம். பொங்கி வழிகிறபோது சாந்தியின் கண் கலங்கியது. படம் எடுத்து ஆரணிக்கு அனுப்பினாள்.

பத்து நிமிடத்தில் போன் வந்தது. எனக்குத்தான்.

"அப்பா, கழுவினனீங்களோ?"

"ஓம் பிள்ளை. முழுக்கக் கழுவினனான். அம்மாவும் சாட்சி."

அந்தப் பக்கம் சிரிப்பு. எப்ப வாறாய் என்று கேட்க வாய் உன்னியது. கேட்கப் பயமாக இருந்தது. "அங்கை தண்ணி எப்பிடி?" என்று கேட்டேன்.

"தெரியாது. சோதிக்கேல்லை."

"ஏன், ஸ்ட்ரிப் முடிஞ்சுதோ? அனுப்பி விடட்டோ?"

"இல்லை, ஒண்டு கிடக்கு. அதை வீட்டுக் குழாய்க்கு வைச்சிருக்கிறன். அடுத்த மாசம் முதல் கிழமை வருவன். வானை எங்கை விடுறது? வாசலில இடமிருக்கோ?"

"இருக்கு" என்றேன். போனைச் சாந்தியிடம் கொடுத்துவிட்டு, வெளியே போய், என் வேலை வானை வாசலில் இருந்து எடுத்துத் தெருவில் விட்டேன். அவள் வர இன்னும் மூன்று கிழமை இருந்தது.